சர்ட்டிபிகேட் மட்டும் போதும், மாமா!

மாம்பழ சீசன், குற்றால சீசன், முகூர்த்த சீசன் மாதிரி நம் ஊரில் ப்ராஜெக்ட் சீசன் என்று ஒன்று உண்டு. பொங்கல் கரும்பைத் தின்று துப்பியதும் ஆரம்பிக்கும். பங்குனி வெயிலில் உச்சத்துக்கு வரும். கடைசி வருடக் கல்லூரிப் பிள்ளைகள் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார்கள். ஃபைலுக்குள் ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். 'தங்களது மேலான நிறுவனத்தில் எங்கள் மாணவர் ப்ராஜெக்ட் செய்ய அனுமதி அளித்து உதவுமாறு...'

வாட்ச்மேன் அதை வாங்கிப் பார்க்காமலே, "ஹெச்.ஆர். மீட்டிங்ல இருக்காரு" என்பார். இந்த ஹெச்.ஆர். என்பவர் மீட்டிங்கிலேயே பிறந்து மீட்டிங்கிலேயே வளர்ந்தவர்.

இந்த வருட சீசன் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது காபியோடு ஆரம்பித்தது. போனில் அக்கா மகள். எம்.காம். கடைசி செமஸ்டர். திருச்சியில் படிக்கிறாள்.

"மாமா, உங்களுக்கு யாராவது கம்பெனில தெரியுமா?"

"வேலைக்காம்மா?"

"இல்ல மாமா, ப்ராஜெக்ட். லெட்டர்பேட்ல ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிக் குடுத்தாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மத்தது எது?"

"அதான் மாமா... ப்ராஜெக்ட்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் அவள் இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு பாவம்.

* * *

பி.காம். மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்தோம். தலைப்பு: 'ஊறுகாய் வாடிக்கையாளர்களின் மனநிறைவு - ஓர் ஆய்வு.' கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் பாவம், ஊறுகாய் நன்றாகத்தான் போட்டார்கள். நாங்கள்தான் அந்தக் கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. எங்களில் ஒருவனுடைய சித்தப்பா அங்கே அக்கவுன்டன்ட். அனுமதிக் கடிதமும் முடித்ததற்கான சர்ட்டிபிகேட்டும் ஒரே நாளில், ஒரே கவரில் வந்து சேர்ந்தன. தேதி மட்டும் வேறு வேறு.

நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ஆளுக்கு இருபது நிரப்பினோம். கையெழுத்து ஒரே மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நீல மை, கறுப்பு மை, பச்சை மை. வயதானவர்களுக்கு இடது கையால் எழுதினேன். 'இல்லத்தரசி, வயது 45, மாத வருமானம் இல்லை, ஆவக்காய் மிகவும் பிடிக்கும்' என்று நான் உருவாக்கிய ஒரு மாமியை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. நிஜமான சொந்தக்காரர்களைவிட அவரிடம் எனக்குப் பாசம் அதிகம்.

கடைசியில் ஆய்வு முடிவு என்று ஒன்று எழுத வேண்டுமே. 'பதிலளித்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பெரும்பான்மையோர் திருப்தி அடைந்துள்ளனர்.' ஆலோசனை: 'நிறுவனம் விளம்பரத்தை அதிகரிக்கலாம். விலையைக் குறைக்கலாம். தரத்தை உயர்த்தலாம்.' உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஊறுகாய் என்ற இடத்தில் டிராக்டர் என்று போட்டாலும் பொருந்தும். ஒருத்தன் அப்படித்தான் போட்டான். அவனுக்கு எங்களைவிட மூன்று மார்க் அதிகம்.

நீலக் காலிகோ அட்டை, தங்க எழுத்து, நான்கு பிரதிகள். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று நமக்கு. கம்பெனிக்குக் கொடுத்த பிரதியை யாராவது திறந்து பார்த்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் இன்னும் ஆபீஸில் வேலைக்குச் சேரவில்லை என்று அர்த்தம்.

இப்போது எல்லாம் சுலபமாகிவிட்டது. பணம் கட்டினால் ப்ராஜெக்ட்டை ரெடிமேட் சட்டை மாதிரி கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தலைப்பைச் சொன்னால் ஏ.ஐ. ஐந்து அத்தியாயத்தையும் காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பச்சை மைக்கும் இடது கைக்கும் வேலையே இல்லை. பொய் சொல்வதற்குக்கூட உழைக்க வேண்டியிருந்த காலம் எங்களுடையது!

* * *

அக்கா மகளுக்கு அந்தப் பாவத்தை சீதனமாகக் கொடுக்க மனசில்லை. திருச்சியில் என் கல்லூரி நண்பன் ஒருவன் பேக்கரி வைத்திருக்கிறான். அவன் அப்பா ஆரம்பித்தது. ரொட்டி, பன், தேங்காய் பன், ரஸ்க் எல்லாம் ராத்திரி போட்டு, விடியற்காலையில் ஆறு வேன்களில் டீக்கடைகளுக்கும் பெட்டிக்கடைகளுக்கும் போகும். போன் செய்தேன்.

"சர்ட்டிபிகேட்தானே மாப்ளே? அட்ரஸ் சொல்லு, கூரியர்ல அனுப்பிடறேன். என்ன நடத்தைன்னு போடணும்? நல்லதுன்னா, மிக நல்லதுன்னா?"

"டேய், சர்ட்டிபிகேட் வேண்டாம். ஒரு கேள்வி குடு."

"என்ன கேள்வி?"

"உன் கம்பெனியில உனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி. ராத்திரி தூங்கவிடாத மாதிரி ஏதாவது இருக்குமே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பெருமூச்சு. "ரிட்டர்ன்டா" என்றான்.

ரிட்டர்ன் என்றால் விற்காமல் திரும்பி வரும் சரக்கு. கடைக்காரர் பழைய பன்னைத் திருப்பிக் கொடுத்தால் பேக்கரி எடுத்துக்கொள்ள வேண்டும். நஷ்டம் பேக்கரிக்கு. ஆறு லைனில் ஐந்து லைனில் பரவாயில்லை. தில்லை நகர் லைனில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

"அந்த லைன் ஓட்டறவரு பழைய ஆளு. இருபத்திரண்டு வருஷமா இருக்காரு. வயசாயிடுச்சு. கடைக்காரன்கிட்ட பேசி வித்துட்டு வர்றதில்லை. தூக்கி வெச்சுட்டு வந்துடறாரு. மார்ச் கணக்கு முடிஞ்சதும் நிறுத்திட்டு ஒரு சின்னப் பையனைப் போடலாம்னு இருக்கேன்."

"அவருதான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற யாரா இருக்க முடியும்?"

இதுதான் அந்த வருடத்தின் ப்ராஜெக்ட் தலைப்பு என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. வேற யாரா இருக்க முடியும்? நம் எல்லா ஆபீஸிலும் தினமும் நடக்கும் ஆய்வு இது. ஸாம்பிள் ஒன்று. கேள்வித்தாள் இல்லை. முடிவு மட்டும் ரெடி.

* * *

விடியற்காலை நாலரை மணிக்கு வேனில் பெண்ணைத் தனியாக அனுப்ப அக்கா சம்மதிக்கவில்லை. "நீதானே ஆரம்பிச்சே, நீயே போ" என்றாள். முதல் நாள் நான் போனேன். முன் சீட்டில் அவள். பின்னால் பன் க்ரேட்டுகளுக்கு நடுவில் நான். சூடான ரொட்டி வாசனைக்கு நடுவில் வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முனிவர்கள் தவம் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

வேன்காரர் நிதானமானவர். ஒவ்வொரு கடையிலும் இறங்குவார். பழையதை எண்ணி எடுப்பார். புதியதை வைப்பார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். கடைக்காரர்களோடு அவர் பேசுவதில்லை என்பது உண்மை. தேவையும் இருக்கவில்லை. அவரைப் பார்த்ததுமே டீ போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"ஐயா, எந்தக் கடைக்கு எத்தனை பன்னுன்னு யார் முடிவு பண்றாங்க?" என்று கேட்டாள் இவள்.

"லிஸ்ட் இருக்கு பாப்பா. செவுத்துல ஒட்டியிருக்கும். அதான் ஏத்துவாங்க. அதான் இறக்குவேன்."

பேக்கரிக்குத் திரும்பியதும் ஆபீஸில் ரிட்டர்ன் நோட்டைக் காட்டினார்கள். வாரத்துக்கு ஒரு வரி. வேன்காரர் பெயர், மொத்த ரிட்டர்ன். அவ்வளவுதான். இதைப் பார்த்தால் யாருக்கும் அந்த மனிதர்மேல்தான் கோபம் வரும். பெயருக்கு நேராக எண் இருக்கிறதே!

"தினசரிக் கணக்கு இல்லையா சார்?"

அக்கவுன்டன்ட் மேஜைக்கு அடியில் காலால் தள்ளினார். பழைய பிஸ்கட் டின். அதற்குள் கம்பியில் குத்திய துண்டுச் சீட்டுகள். வாரக் கணக்கு எழுதியதும் யாரும் திரும்பிப் பார்க்காதவை. எட்டு வாரத்துச் சீட்டுகள் இருந்தன. அதற்கு முந்தையவை அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டன.

அதற்கப்புறம் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். அவள் தூங்கவில்லை. அவளும் ஒரு சிநேகிதியும் இன்னும் இரண்டு விடியற்காலை வேனில் போனார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து சீட்டுகளைத் தேதிவாரியாக, கடைவாரியாகப் பிரித்தார்கள். மற்ற ஐந்து லைன்களின் சீட்டுகளையும் விடவில்லை.

* * *

ஞாயிறு மாலை போன் வந்தது. குரலில் ஒரு படபடப்பு.

"மாமா, அவர்மேல தப்பு இல்ல."

"எவர்மேல?"

"வேன்காரர்மேல. செவ்வாயிலேர்ந்து சனி வரைக்கும் நூறு பன்னுக்கு அஞ்சு ஆறுதான் ரிட்டர்ன். மத்த லைன் மாதிரியேதான். திங்கட்கிழமை மட்டும் நூத்துக்கு முப்பதைத் தாண்டுது. எட்டு வாரமும் அப்படியே."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது. அதனால் சனிக்கிழமை எல்லா லைனுக்கும் இரண்டு நாள் சரக்கு ஏறும். குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிறு பன் நன்றாகப் போகும். ஆனால் இந்த லைனில் இருக்கும் டீக்கடைகளில் பாதிக்கு மேல் கிளினிக் வாசலிலும் டியூஷன் சென்டர் வாசலிலும் இருப்பவை. ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கும் லீவு, டியூஷனுக்கும் லீவு. பன்னைத் தின்ன ஆள் இல்லை. பன் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை வேன் ஏறித் திரும்பி வந்துவிடும்.

தப்பு வேன்காரரிடம் இல்லை. கடைக்காரரிடமும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த லிஸ்ட்டில்.

அந்த லிஸ்ட்டை எழுதியவர் நண்பனுடைய அப்பா. காலமாகி ஏழு வருடமாகிறது. அவர் எழுதியபோது அந்தத் தெருக்களில் வீடுகள் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக கிளினிக் ஆனது, டியூஷன் ஆனது. லிஸ்ட் மாறவில்லை. அப்பா கையெழுத்து என்பதால் நண்பன் அதை லாமினேட் செய்து ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். அதைத் தப்பு என்று சொல்லும் துணிச்சல் அந்த பேக்கரியில் யாருக்கும் இல்லை. வேன்காரருக்குத் தெரிந்திருக்கலாம். 'பெரிய முதலாளி போட்டது' என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்.

நண்பனிடம் அவளே போய்ச் சொன்னாள். நானும் கூட இருந்தேன். அவன் தாள்களைப் புரட்டினான். முகம் சிவந்தது.

"அப்ப எங்கப்பா லிஸ்ட் தப்புங்கறியாம்மா?"

இவள் பயந்துவிட்டாள். ஆனாலும் சொன்னாள். "அவர் போட்டப்ப சரியா இருந்துச்சு சார். ஊர்தான் மாறிடுச்சு."

அவன் ரொம்ப நேரம் அந்த லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வியாபாரி முழித்துக்கொண்டான். "இதெல்லாம் புஸ்தகத்துல போட்டு காலேஜ்ல குடுப்பியா? எந்தக் கடைக்கு எத்தனை போடறேன்னு போட்டியாளனுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன? வேணாம்மா. நீ பொதுவா 'வாடிக்கையாளர் மனநிறைவு'ன்னு ஏதாவது எழுதிக்கோ. நான் சர்ட்டிபிகேட் குடுத்துடறேன்."

ஆவக்காய் மாமி என் மனக்கண்ணில் தோன்றிச் சிரித்தார்.

அடுத்த அடி கல்லூரியில். அவளுடைய கைடு மேடம் தாள்களைப் பார்த்துவிட்டு, "கொஸ்டினர் எங்கே? ஸாம்பிள் நூறாவது இருக்கணுமே. வெறும் எட்டுத் திங்கட்கிழமையை வெச்சு என்னம்மா ஆய்வு?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தலையில் பதினெட்டு ப்ராஜெக்ட். பதினேழில் நூறு நூறாக ஸாம்பிள். எந்த மை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கம்பெனி 'எழுதாதே' என்கிறது. கல்லூரி 'இது போதாது' என்கிறது. நடுவில் ஒரு நிஜம் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. மார்ச் முடிந்தால் ஒருவருக்கு வேலை போய்விடும்.

* * *

இந்த இடத்தில் ஒரு பீர் கம்பெனி வந்து எங்களைக் காப்பாற்றியது. அவசரப்பட்டு ஏதும் கற்பனை செய்ய வேண்டாம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' என்ற ஒன்று ஞாபகம் இருக்கும். நான் படித்த காலத்தில் அது மாணவர்களைச் சோதிக்கவே கண்டுபிடித்த டெஸ்ட் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்டூடண்ட் என்பது ஒரு மனிதரின் புனைபெயர்.

நிஜப் பெயர் வில்லியம் ஸீலி காஸெட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1899-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். பீருக்கு பார்லி வேண்டும். எந்த பார்லி நல்லது என்று பரிசோதிக்க வேண்டும். ஆயிரம் வயலில் பயிர் செய்து பார்க்க முடியாது. நாலைந்து வயலில்தான் முடியும். அந்த நாலைந்தை வைத்துச் சொல்லும் முடிவை எவ்வளவு நம்பலாம்? அன்றைக்கு இருந்த கணக்கு முறைகள் பெரிய எண்ணிக்கைக்குத்தான் சரிப்பட்டன. கம்பெனி அவரை 1906-ல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் கார்ல் பியர்ஸன் என்ற புள்ளியியல் பேராசிரியரிடம் படிக்க அனுப்பியது. பீர் கம்பெனியின் கேள்வி, பல்கலைக்கழகத்தின் கணக்கு. இரண்டும் சேர்ந்து 1908-ல் ஒரு கட்டுரையாக வந்தது. குறைவான ஸாம்பிளை எப்படி நம்புவது என்பதற்கு உலகம் இன்றைக்கும் பயன்படுத்தும் வழி அது.

ஆனால் கம்பெனி ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதில் கின்னஸ் கறார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட விடமாட்டார்கள். அதனால் காஸெட் 'ஸ்டூடண்ட்' என்று பெயர் போட்டுக்கொண்டார். கம்பெனியும் பிழைத்தது, கணக்கும் பிழைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1906-ல்தான் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து ஒரு திட்டம் ஆரம்பித்தார். ஒரு வாரம் வகுப்பறை, மறு வாரம் தொழிற்சாலை. அங்கே மாணவர்கள் ஆலைக்குப் போனார்கள். இங்கே ஆலையிலிருந்து ஒருவர் மாணவராகப் போனார். இரண்டு பக்கமும் ஒரே வருடத்தில் கதவு திறந்திருக்கிறது.

நம் நாட்டிலும் கதவு மூடியே கிடந்ததாகச் சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-லேயே வந்துவிட்டது. கல்லூரி 1951-ல் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. லேத் சத்தம் கேட்டுக்கொண்டே லேத்தைப் பற்றிப் படிக்கலாம். ராஜஸ்தானில் பிலானியில் இருக்கும் பிட்ஸ், 1973 முதல் மாணவர்களைப் பல மாதம் கம்பெனிகளுக்கே அனுப்பி, அதையே பாடமாக வைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பக்கத்திலேயே கம்பெனிகளுக்கு ஆராய்ச்சிப் பூங்கா கட்டியிருக்கிறது. பெரிய இடங்களில் இது நடக்கிறது. ஆனால் திருச்சி எம்.காம். பெண்ணுக்கும் பன் பேக்கரிக்கும் நடுவில் பாலம் கட்ட யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேனும் அக்கவுன்டன்ட் சித்தப்பாவும்தான்.

* * *

காஸெட் கதையை முதலில் நண்பனிடம் சொன்னேன். பீர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான்.

"உன் பேர் வேண்டாம். 'திருச்சியில் ஒரு பேக்கரி'ன்னு போடட்டும். கடைங்க பேரும் வேண்டாம். கடை 1, கடை 2. லைனுக்கு அ, ஆ, இ. கின்னஸே அப்படித்தான் பிழைச்சுது. நீ பிழைக்க மாட்டியா?"

யோசித்தான். "எங்கப்பா லிஸ்ட்னு வராதே?"

"பழைய பட்டியல்னுதான் வரும்."

சரி என்றான்.

கைடு மேடத்திடம் நான் போகவில்லை. போவது முறையும் இல்லை. அக்கா மகளையே அனுப்பினேன். "மேடம், ஸாம்பிள் சின்னதா இருந்தா போடத்தானே டி-டெஸ்ட்? திங்கட்கிழமைகளையும் மத்த நாட்களையும் ஒப்பிட்டுப் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்கச் சொன்னேன்.

மேடம் கொஞ்ச நேரம் தாள்களையே பார்த்திருக்கிறார். பிறகு சொன்னாராம். "பதினோரு வருஷமா இந்தக் கணக்கை போர்டுல போடறேன். எல்லாம் புஸ்தகத்துல இருக்கற நம்பர். நிஜ நம்பரை யாரும் கொண்டு வந்ததில்லை. போட்டுட்டு வா. ஆனா அத்தியாயம் மட்டும் அஞ்சு இருக்கணும்மா. அது யூனிவர்ஸிடி ரூல்."

ஐந்து அத்தியாயம் வந்தது. அறிமுகத்தில் உலக பேக்கரி வரலாறு எகிப்திலிருந்து ஆரம்பித்தது. அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் நாலாவது அத்தியாயத்தில் எட்டுத் திங்கட்கிழமைகள் இருந்தன. ஆலோசனை என்று ஒரே ஒரு வரி: 'தில்லை நகர் லைனில் சனிக்கிழமை சரக்கைப் பாதியாகக் குறைக்கலாம்.' பிறகு நண்பன் சொல்லி 'தில்லை நகர்' என்பதை 'லைன் ஈ' என்று மாற்றினாள்.

டிராக்டருக்குப் பொருந்தாத ஆலோசனை. அதுதான் அதன் பெருமை.

அடுத்த சனிக்கிழமை நண்பன் சரக்கைக் குறைத்துப் பார்த்தான். திங்கட்கிழமை ரிட்டர்ன் மற்ற நாள் மாதிரி ஆனது. மூன்று வாரம் பார்த்தான். நாலாவது வாரம் சுவரில் புது லிஸ்ட் வந்தது. பழைய லிஸ்ட்டைக் கழற்றி ஃபிரேம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். அங்கே அது யாருக்கும் நஷ்டம் உண்டாக்காது.

மார்ச் கணக்கு முடிந்தது. வேன்காரர் இருக்கிறார்.

* * *

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை.

அடுத்த தை, மாசியில் உங்கள் மேஜைக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வரும். பின்னால் ஒரு பையனோ பெண்ணோ நின்றுகொண்டிருப்பார்கள். மூன்று வகை ஆபீஸர்கள் இருக்கிறார்கள். முதல் வகை, 'மீட்டிங்.' இரண்டாம் வகை, உடனே சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தர்மப்பிரபு. இவர் முதல் வகையைவிட ஆபத்தானவர். மூன்றாம் வகை, 'ப்ராஜெக்ட்' என்று பெயர் வைத்து அந்தப் பிள்ளையை ஒரு மாதம் ஜெராக்ஸ் எடுக்க வைத்து, டேட்டா என்ட்ரி போட வைத்து, வெயிலில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வைப்பவர். சில இடங்களில் இதற்கு மாணவரிடமே கட்டணமும் வாங்குகிறார்கள். கேட்டால் 'அனுபவம்' என்கிறார்கள். யாருடைய அனுபவம் என்பதுதான் கேள்வி.

நாலாவது வகையாக இருந்து பாருங்கள். பெரிய செலவில்லை. முதல் நாள் ஒரு கேள்வி கொடுங்கள். உங்களுக்கே பதில் தெரியாததாக இருக்கட்டும். பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டுங்கள். உங்கள் ஆபீஸிலும் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும் அது டின்தான். கடைசி நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அவர்கள் நம்மைவிட புத்திசாலிகள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு நம் ஆபீஸில் யார்மேலும் கோபம் இல்லை. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எந்த லிஸ்ட்டையும் கும்பிட்டுப் பழக்கமில்லை. இந்த மூன்றும் நமக்குச் சம்பளம் வாங்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே தொலைந்துவிடுகின்றன.

அக்கா மகளுக்கு வைவாவில் எழுபத்தெட்டு மார்க். ரெடிமேட் கடையில் ப்ராஜெக்ட் வாங்கிய அவள் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எண்பத்தாறு. அவன் அட்டையில் தங்க எழுத்து இவளுடையதைவிடப் பெரியது. "போகட்டும் மாமா" என்றாள். எனக்குத்தான் போகவில்லை.

போன மாதம் திருச்சி போனபோது பேக்கரியில் வேன்காரரைப் பார்த்தேன். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வேலை போக இருந்ததும் தெரியாது, போகாமல் இருந்த காரணமும் தெரியாது. நண்பன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கீங்களா அண்ணே?"

"இருக்கேன் தம்பி. அன்னிக்கு வேன்ல ஒரு பாப்பா வந்துச்சே, அது உங்க வீட்டுப் புள்ளைதானே?"

"ஆமாண்ணே."

"கடைக்குக் கடை கேள்வி கேட்டுக்கிட்டே வந்துச்சு. மூணு நாளும் எனக்கு லேட்டு. என்னதான் படிக்குதோ!" என்றார் சலிப்போடு. அப்புறம் க்ரேட்டிலிருந்து சூடாக ஒரு தேங்காய் பன்னை எடுத்துப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பாப்பாவுக்குக் குடுங்க. அன்னிக்குக் கேட்டுச்சு. கணக்குல இடிக்கும்னு குடுக்கல."

பஸ்ஸில் பாதி வழியில் அதை நானே தின்றுவிட்டேன். கணக்கில் ஒரு பன் குறைந்தால், காரணம் வேன்காரர் இல்லை. நான்தான்.